பாம்பு பிடிக்கும் கையும் பேனா பிடிக்கும் கையும்

(அணுபுரத்தை அடுத்த கிராமம் ஒன்றில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"ஆமையைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் மாணவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாமே, கூலி உயர்வு கேட்கும் நமக்கு அதனால் என்ன லாபம்?" மேடை ஏறுவதற்கு முன் ஒரு தோழர் நம்மிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

இங்கே அணுபுரத்தில் விஞ்ஞானிகள் குடியிருக்கிறார்கள். கிழக்கே கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். இதே கடலோரமாக வடக்கே போனால், மாமல்லபுரம் தாண்டி, வடநெம்மேலி வருகிறது. அங்கேயும் ஒரு விஞ்ஞானம் நடக்கிறது. அது மண்பானைக்குள் நடக்கிற விஞ்ஞானம். நடத்துகிறவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத இருளர்கள். நமக்கு அதிகம் வேண்டியது அந்த விஞ்ஞானம்.

யாரைக் கடிக்கிறது பாம்பு?

பாம்புக்குச் சாதியும் தெரியாது, வர்க்கமும் தெரியாது என்பார்கள். ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். சாவுகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரை, வயலில் வேலை நடக்கிற மழைக்காலத்தில் நேர்ந்தவை.

வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர் யார்? இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் யார்? வைக்கோல் போரில் கை விடுகிறவர் யார்? கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கிறது. வலியே பெரிதாகத் தெரியாது. விடிவதற்குள் மூச்சு நின்றுவிடும். கட்டில் இல்லாதவன் வீட்டுச் சாவு அது, தோழர்களே! 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபடுகிறவன் புறக்கணிக்கப்பட்டவன். அவனுடைய நோய் மட்டும் கவனிக்கப்படுமா?

இருளர் கட்டிய கூட்டுறவு

பாம்புக் கடிக்கு மருந்து பாம்பின் விஷத்திலிருந்தேதான் வருகிறது. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து புட்டியில் அடைத்தால் விஷமுறி மருந்து. விஷம் இல்லாமல் மருந்து இல்லை. பாம்பு பிடிக்கிறவன் இல்லாமல் விஷம் இல்லை.

செங்கல்பட்டுச் சீமையின் இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரிக்காகப் பாம்பு பிடித்தார்கள். தோல் சீமைக்குப் போனது; லாபம் வியாபாரிக்குப் போனது; இருளருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்பைக் காப்பாற்றியது சரி; பாம்பு பிடித்துப் பிழைத்தவனை யார் காப்பாற்றினார்கள்? அதே 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்க வேண்டியிருந்தது என்பதை ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலையில்தான், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பிடித்த பாம்பைக் கொல்வதில்லை. மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, மறுபடி வெளியே விட்டுவிடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷமும் இங்கிருந்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. நாட்டின் விஷமுறி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கம் கொடுத்தது. எத்தனை உயிர்கள்! எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாணவன் யாரிடம் படித்தான்?

பாம்பைத் தேடி வருகிற மாணவன் முதலில் இருளர் பின்னால்தான் நடக்கிறான். புழுதியில் விழுந்த தடத்தைப் பார்த்து, எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று அவர் சொல்வார். வளையின் வாயில் மண் வழுவழுப்பாக இருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்வார். மாணவன் அதை அளந்து, எழுதி, எடை போட்டு, ஆராய்ச்சியாக்குகிறான். இரண்டும் வேண்டும். கை இல்லாத பேனா வெறும் காகிதம். பேனா இல்லாத கையின் அறிவோ கிழவர்களோடு மண்ணுக்குப் போய்விடும்.

இந்தச் சேர்க்கை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று, ஆராய்ச்சி மாணவர்களும் அதில் உண்டு, நாட்டின் பல பகுதிப் பாம்புகளின் விஷத்தைச் சோதித்தது. இப்போதுள்ள விஷமுறி மருந்து எல்லாப் பாம்புக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்று கண்டது. ஆகவே அந்தந்தப் பிரதேசத்து விஷத்தையும் சேகரித்து மருந்து செய்தாக வேண்டும். இது இருளருக்குக் குறைச்சல் அல்ல. அவர்கள் இங்கே செய்ததைப் போன்ற வேலை ஒவ்வொரு மாகாணத்திலும் தேவை என்பதற்கு அத்தாட்சி.

2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்பைப் பிடிக்க, அங்குள்ள பல்கலைக்கழகம் நம் ஜில்லாவின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் விருது இரண்டு பேருக்கு. பட்டாவும் இனச் சான்றும் கேட்டு அலைகிற இருளர் குடும்பங்கள் எத்தனை?

நம்முடைய தவறு

தோழர்களே, நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நடவு நேரத்தில் நம் சங்கத்து அம்மா ஒருவரை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. காலில் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். மந்திரிப்பவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாமும் அங்கே நின்றுகொண்டிருந்தோம், தடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு ஒரு சுகாதார நிலையம்; அங்கே மருந்து இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போயிற்று. மருந்து இல்லாததற்காக மறியல் செய்தோம், சரிதான். வீணாய்ப் போன அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரிடம் மறியல் செய்வது? கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்று நமக்குத் தெரிந்திருந்தால்! தொழிலாளிக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்ட தோழருக்கு அந்த அம்மாவின் சாவுதான் பதில்.

இன்னொன்று. கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்கிறோம். சாரைப் பாம்புக்கு விஷமில்லை. அது எலியைத் தின்கிறது. எலி தின்பது யாருடைய நெல்? நாம் அறுத்துக் குவித்த நெல். பாம்பைக் காப்பது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

செய்ய வேண்டியது

2024 நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் பாம்புக் கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. ஆஸ்பத்திரிகள் இதைக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கே வராமல் செத்தவரை யார் எண்ணுவது? அதை நாம் எண்ண வேண்டும். இதே கடற்கரையின் சென்னைப் பகுதியில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எண்ணிக் காத்து வருகிறார்கள். ஆமைக்குக் கணக்கு உண்டு. கடிபட்டு வீட்டிலேயே செத்த கூலிக்காரனுக்குக் கணக்கு வேண்டாமா?

கல்லூரிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டை எடுக்கட்டும். ஊர் ஊராக எழுதட்டும்: கடிபட்டவர் யார், எந்த வேலையில், எத்தனை மணிக்கு, எந்தப் பாம்பு, மருந்து கிடைக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று? பாம்பை அடையாளம் காட்ட இருளர் பெரியவர் கூட வரட்டும். அவருக்கு அன்றைய கூலி கொடுக்கட்டும். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்போம்:

எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரவும் பகலும் விஷமுறி மருந்தும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டரும் வேண்டும்!

இருளர் கூட்டுறவுக்கு வனத்துறை அனுமதி காலத்தில் கிடைக்க வேண்டும். விஷத்துக்கு நியாய விலை வேண்டும்!

வயல் வேலைக்காரருக்குக் காலுறைப் பூட்சும் டார்ச்சு விளக்கும் வேண்டும்!

இருளர் பிள்ளைகள் ஆராய்ச்சி மாணவர்களாக வர, இனச் சான்றும் உதவித் தொகையும் வேண்டும்!

பாம்பு பிடிக்கும் கையும் பேனா பிடிக்கும் கையும் ஒன்று சேரட்டும். அறிவு உழைப்பவர் வீட்டுக்கு வந்து சேரட்டும்!