ஆறுதலுக்கு வந்த புத்தகம்

சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், கிறிஸ்தவ விசுவாசத்தை வானொலியில் விளக்கிப் புகழ்பெற்றவர். துன்பம் ஏன் வருகிறது என்று தனிப் புத்தகமே எழுதியவர். 1960 ஜூலையில் அவர் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபோது அந்த விளக்கமெல்லாம் கைகொடுக்கவில்லை. கடவுள் மேலேயே கோபப்பட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தள்ளினார். எழுத எழுதத்தான் ஆத்திரம் தணிந்தது, ஜெபிக்க மனம் வந்தது. விசுவாசி அழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டாரே!

அந்தக் குறிப்புகளை 1961-ல் புனைபெயரில் நூலாக்கினார் லூயிஸ். விஷயம் தெரியாத நண்பர்கள், ‘படியுங்கள், மனசு ஆறும்’ என்று அவரிடமே அதைச் சிபாரிசு செய்தார்களாம். 1963-ல் அவர் காலமான பிறகே அது அவருடைய சொந்தப் பெயரில் வெளிவந்தது.