கோடரியும் 15 நாட்களும்

(சென்னையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலமிட்டு 2 திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்று குடும்பத்தின் உணவுக்கு, மற்றதில் கோடரி. அதற்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவிட்டு 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

நாம் என்ன செய்கிறோம்? ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் விரித்த துண்டில் காசைப் போட்டுவிட்டுப் போகிறோம். "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்பதில்லை. 15 நாள் கழித்து விசாரிப்பதுமில்லை.

சென்னையில் தொழிலுக்கா பஞ்சம்? புதுப்பேட்டையில் வாகன உதிரிபாகம், ரிச்சி தெருவில் மின்னணுப் பொருட்கள், பெரியமேட்டில் தோல், மண்ணடியில் இரும்பு! ஒரு மஹல்லாவில் கடைக்காரர் ஆள் தேடுகிறார்; அடுத்த மஹல்லாவில் இளைஞன் வேலை தேடுகிறான். இருவரும் சந்திப்பதில்லை. உருது பேசும் ஜமாஅத்தின் நிலை தமிழ் பேசும் ஜமாஅத்துக்குத் தெரியாது. ஊர்ச் சங்கங்களோ தத்தம் ஊராரோடு நின்றுவிடுகின்றன.

அரசின் வாசலையும் நாம் தட்டுவதில்லை. 8ஆம் வகுப்பு தேறியவருக்கும் ஐ.டி.ஐ.யில் தொழிற்பிரிவுகள் உண்டு. கடன் தர 1999இல் தொடங்கிய டாம்கோ உண்டு. போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழ் வாங்காமலும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமலும் உரிமையைக் கோட்டை விடுகிறோம்.

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வையுங்கள். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தேவை, எந்தக் கடையில் இடம் காலி என எழுதுங்கள். நம் சகோதரிகளின் தையலும் கணினிப் படிப்பும் அதில் இடம்பெறட்டும். 15 நாளுக்கு ஒருமுறை பொறுப்பாளர்கள் கூடி ஏடுகளை ஒப்பிடுங்கள். சேர்த்துவிட்ட பையன் நிலைத்தானா என்று பாருங்கள்.

வணிகர்களே! ஆண்டுக்கு ஒருவருக்காவது தொழில் கற்றுக்கொடுங்கள். கற்கும் காலத்திலும் கூலி கொடுங்கள். பக்கத்துக் கடை இந்து, கிறிஸ்தவ சகோதரர்களிடமும் ஆள் தேவை கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை வந்தாலும் ஏட்டில் எழுதுங்கள்.

இளைஞர்களே! கோடரி கொடுப்பது சமுதாயத்தின் கடமை. விறகு வெட்ட வேண்டியது நீங்கள்தான். வஸ்ஸலாம்.