வீட்டு மருந்து டப்பாவும் நம் பிள்ளைகளும்



சாராயத்தைப் பற்றியும் கஞ்சாவைப் பற்றியும் பேச நிறைய மேடைகள் உண்டு. நான் மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாத்திரை எடுத்துக் கொடுத்தே வயிறு வளர்த்தவன், அதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். அது நல்லது என்று நம்புவதால்தான் நம் பிள்ளைகளுக்கு அதன்மேல் பயமே இல்லாமல் போகிறது. என் கவலை அதுதான்.

செவ்வாய்ச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறோம், இடுப்பு விண்விண் என்கிறது. மகனைக் கூப்பிட்டு, "கண்ணு, மெடிக்கல்ல போயி உடம்பு வலிக்கு ரெண்டு செட் மாத்திரை வாங்கிட்டு வா" என்கிறோம். கடைக்காரர் நாலு அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார். மாத்திரையின் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. வலித்தால் மாத்திரை, அதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை என்று பையன் அன்றைக்கே படித்துக்கொள்கிறான். பதினான்கு வயதில் ஒரு நண்பன் பெயரில்லாத ஒன்றை நீட்டி, "பயப்படாதடா, டாக்டர் குடுக்கிற மருந்துதான்" என்றால் அவன் ஏன் மறுக்கப் போகிறான்?

வலி மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. டிரமடால் என்ற வலி மருந்தை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இப்போது அதிகம் அடிபடும் பெயர் டேபென்டடால், அதுவும் வலி மருந்துதான். தூக்க மாத்திரையின் கதையும் இதுதான். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி, 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 1.08 விழுக்காட்டினர் தூக்க மாத்திரை போன்றவற்றை மருத்துவத் தேவை இல்லாமல் எடுப்பதாகத் தெரிந்தது. நூறு பேரில் ஒருவருக்கும் மேல்.

இந்த வலி மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். வலியை அடக்கும் இதே மருந்து, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் மந்தமாக்கும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு குறைந்துகொண்டே போகும். உதடு நீலம் பாரிக்கும், தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு கேட்கும். "அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்று விட்டுவிடாதீர்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108.

இதோ, என் கையில் இருப்பது ஒரு காலி அட்டை. தூரத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் மூலையில் சிவப்பில் 'ஆர்.எக்ஸ்' என்ற குறி. பக்கத்தில் சிவப்புக் கட்டம். மருத்துவர் சொல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்று அதற்குள் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'எச்1' பட்டியல் மருந்து இது. சீட்டு எழுதிய மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பாட்டியின் தூக்க மாத்திரை அட்டையிலும் இந்தக் கட்டம் இருக்கும். அதைப் பிள்ளையிடம் காட்டி, "இது பாட்டி உடம்பைப் பார்த்து எழுதினது, நீ சாப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேளுங்கள். பேச்சு தானாகத் தொடங்கிவிடும். பேசி முடித்ததும் டப்பாவைப் பூட்டி வைக்கவும் மறக்காதீர்கள்.

சின்னக் குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும்போது "மிட்டாய்டா தங்கம்" என்கிறோமே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து என்றே சொல்லிக் கொடுங்கள், கசந்தால் கசக்கட்டும்.

வளர்ந்த பிள்ளையிடம் "ஒண்ணு போட்டா செத்துருவே" என்று மிரட்டாதீர்கள். நேற்றுப் போட்ட நண்பன் இன்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அம்மா பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. முதலில் சுகமாகத்தான் இருக்கும், பிறகு அது இல்லாமல் உடம்பு நடுங்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அப்பாக்களும் ராத்திரி போனில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு நிறுத்தாமல், பிள்ளையின் கூட்டாளிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை விசாரிக்கலாம்.

ஒரு நாள் புத்தகப் பையில் அட்டை கிடைத்துவிட்டால்? அடிக்காதீர்கள், அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். பல நாள் தூக்க மாத்திரை போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். நம் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்தே பலர் மறைக்கிறார்கள். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவே வழி வைத்திருக்கிறது. சட்டத்தின் கடுமை குழந்தைக்குப் போதை மருந்து கொடுத்தவன் மேல்தான். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, குழந்தைகளுக்கு 1098. குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் கிடக்கும் பழைய அட்டை எதுவானாலும் கொண்டுவந்து காட்டுங்கள், எது எதற்கு என்று சொல்கிறேன். பிள்ளையின் பையிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் காட்டுங்கள். அது யாருடையது என்று நான் கேட்க மாட்டேன்.