பழைய கணிப்பொறிக்குப் புதிய காவல்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாய்க் காலந்தள்ளும் என்னைக் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்ததற்குக் காரணம் உண்டு. நம் நூலக அறையில் நான்கு கணிப்பொறிகள் இருக்கின்றன. நான்கும் பழையன. அவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனின், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந்தலைமுறைக்குக் குறையாததாய் இருத்தல் வேண்டும். நம்முடையவை நான்காந்தலைமுறை. புதியன வாங்கச் சங்கத்தின் கையிருப்பு இடந்தராது. விற்கலாம் எனின், பழைய இரும்புக் கடைக்காரர் தராசைத்தான் எடுத்து வருவார்.

ஆதரவு முடிந்தால் பொறி நின்றுவிடுமோ என்று ஓர் அம்மையார் சென்ற கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. பொறி நில்லாது, நேற்றுப்போலவே இன்றும் ஓடும். ஆயினும் அதன் பூட்டில் புதிதாய் ஒரு குறை வெளிப்பட்டால் அதைச் சரிசெய்து தருவார் இரார். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவி, கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துப் பணங்கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. அது நுழைந்த ஓட்டைக்கு உரிய திருத்தம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. திருத்தத்தை ஏற்காமல் விட்டவர்களும், திருத்தம் வாராத பழைய இயங்குதளத்தை வைத்திருந்தவர்களுமே சிக்கினார்கள். நம் நூலகப் பொறிகளில் இருப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: ஓய்வூதியர்களின் பென்ஷன் ஆணை நகல்கள், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பங்கள், சங்கத்தின் சந்தாக் கணக்கு, இருபது ஆண்டு நிழற்படங்கள். இவற்றைத் திறந்த வீட்டில் போட்டுவைத்தல் தகாது.

இதற்கு வழியாகவே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம் என்று செயற்குழு கருதுகின்றது. லினக்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாய் அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயர். பின்னர் 1991-இல், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இவ்விரண்டும் சேர்ந்தமையே நாம் லினக்ஸ் என்று வழங்குவது. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் அடியில் கிடப்பதும் லினக்ஸ் கெர்னலே. உலகின் முதல் ஐந்நூறு மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதிலேதான் பயில்கிறார்கள். நம் காலனியின் மலையாள நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் இந்திய அரசின் சிடாக் நிறுவனமும் பாஸ் என்னும் பெயரில் ஒரு லினக்ஸை ஆக்கி வெளியிட்டிருக்கின்றது.

லினக்ஸ் ஒன்றே எனினும் அதனை முழுமையாக்கி வழங்கும் குழுவினர் பலர். டெபியன் 1993-இல் தொடங்கியது. அதன் வழிவந்தது 2004-இல் வெளியான உபுண்டு. அதன் வழிவந்தது லினக்ஸ் மின்ட். நமக்கு ஏற்றது மின்ட் என்பது என் துணிபு. விண்டோஸில் பழகியவர் கண்ணுக்கு அது புதிதாய்த் தோன்றாது. இடப்பக்க மூலையில் பட்டியல் இருக்கும், அடியில் பட்டை இருக்கும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்கு 2 ஜிபி நினைவகம் குறைந்த அளவு, 4 ஜிபி இருந்தால் வசதி. நம் பொறிகளில் 4 ஜிபி உள்ளது. எடை குறைந்த எக்ஸ்.எப்.சி.இ. பதிப்பே போதும்.

இனி நிறுவும் முறை. வேறு எதையும் தொடுமுன், உள்ள கோப்புகளையெல்லாம் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்க. படியெடுத்தது போதாது; அந்த வட்டை வேறொரு பொறியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்க்க. நிறுவுங்கால் வரும் ஒரு கேள்விக்கு விடையாக ஒரு பொத்தானை அழுத்தியதும் பழைய வட்டு முழுவதும் துடைக்கப்படும். அதன்பின் அழுது பயனில்லை.

அடுத்து, மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கே சற்று நிற்க விழைகிறேன். கூட்ஸ் ஷெட்டில் பணிபுரிந்த நண்பர்கள் அறிவார்கள்: வேகன் வந்தவுடன் கதவைத் திறப்பதில்லை. சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். இறக்கிய கோப்புக்கும் அப்படியொரு சீல் உண்டு. எஸ்.எச்.ஏ.256 என்று பெயர். அறுபத்துநான்கு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட நீண்ட வரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வரி முற்றிலும் வேறாகிவிடும். தளத்தில் வெளியிட்டுள்ள வரியும், நம் கோப்பிலிருந்து கணக்கிட்ட வரியும் ஒத்தால்தான் மேலே செல்ல வேண்டும். இது வீண் சம்பிரதாயம் அன்று. 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் இதே மின்ட்டின் தளத்துள் கள்வர் புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்பு ஒன்றுக்கு இறக்குவோரைத் திருப்பிவிட்டனர்.  ஆயினும் தளமே கள்வர் வசப்பட்டால் அங்கே எழுதியுள்ள எண்ணையும் மாற்றிவிடுவார்களே என்று நீங்கள் கேட்பது முறையே. அதற்காகவே அவ்வெண்களுக்கு ஆக்கியோரின் மின்னொப்பமும் சேர்த்து வெளியிடப்படுகின்றது. அதனையும் சரிபார்க்கும் வழியை ஆர்வமுள்ள மாணவர்களுக்குத் தனியே காட்டுவேன்.

சரிபார்த்த கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, பொறியை அதிலிருந்து எழுப்ப வேண்டும். மின்சாரம் போட்டவுடன் எப் 12, எப் 2, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு விசை. அழுத்தினால் எதிலிருந்து எழ வேண்டும் என்று பொறி கேட்கும். இதில் ஒரு பெருவசதி: வட்டில் நிறுவாமலே, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, நம் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்றெல்லாம் ஒரு மாலைப்பொழுது சோதித்து, மனம் ஒப்பினால் மட்டும் நிறுவுக. ஒப்பாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும். பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

நிறுவும்போது வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்துகொள்க. மடிக்கணிப்பொறி வைத்திருப்போர்க்கு இஃது இன்றியமையாதது. ஊருக்குப் போகும் வண்டியில் அது களவு போனாலும், கடவுச்சொல் இல்லாமல் எவரும் உள்ளே இருப்பதைப் படிக்க இயலாது. அச்சொல்லை நாமே மறந்தால் நமக்கும் அதே கதிதான்; மீட்பார் இல்லை. ஆகவே தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பீரோவில் வைப்பதில் இழுக்கில்லை. நூலகப் பொறிகளுக்கு அவ்வுறை செயலாளரிடம் இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்த நீண்ட கடவுச்சொல், நினைவில் நிற்கும், ஊகிக்க அரிதாகும். தமிழ்ப்பற்று மிக்க நம் அன்பர்கள் தமிழ் எழுத்திலேயே வைக்க விழைவார்கள். பொறி எழும் வேளையில் தமிழ் விசைப்பலகை கிடையாது என்பதை நினைவிற்கொண்டு, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பதே நன்று.

நிறுவி முடிந்தபின் காவல் பற்றிய வேலை தொடங்குகிறது. லினக்ஸின் அடிப்படைக் கட்டுப்பாடு யாதெனின், அன்றாடம் புழங்குவோன் வேறு, முழு அதிகாரம் உடையோன் வேறு. பின்னவனுக்கு ரூட் என்று பெயர். எங்கள் ஸ்டேஷனில் ரிலே ரூம் என்று ஓர் அறை உண்டு. சிக்னல்களின் உயிர்நாடி அங்கே இருக்கின்றது. அதற்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பகுதியினரிடம். எப்போது, எதற்காகத் திறந்தார்கள் என்பது பதிவேட்டில் ஏறும். லினக்ஸில் சுடோ என்னும் கட்டளை ஏறக்குறைய அவ்வாறானது. முக்கியமான மாற்றம் எதுவாயினும் சுடோ சொல்லி, கடவுச்சொல் தந்தே செய்யவேண்டும், செய்தது பதிவாகும். நூலகப் பொறிகளில் நிர்வாகக் கணக்கு ஒன்று, வருவோர் புழங்கச் சாதாரணக் கணக்கு ஒன்று என இரண்டு வைப்போம். இரண்டாவதற்குச் சுடோ உரிமை இராது. வீட்டிலும் பிள்ளைகளுக்கு இப்படித் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள்.

திருத்தங்களை அன்றன்றே ஏற்பது அடுத்தது. மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் தானே ஏற்றுக்கொள்ளுமாறு அமைத்துவிடலாம். பயர்வால் என்னும் காப்புச்சுவர் மின்ட்டில் இருக்கின்றது, ஆனால் முதலில் அணைந்தே இருக்கும். பட்டியலில் தேடி ஒருமுறை இயக்கிவிட்டால், நாம் அழையாமல் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை அது தடுத்துவிடும். மென்பொருள்களை மின்ட்டின் சாப்ட்வேர் மேனேஜரிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு பக்கத்தில் கண்ட கட்டளையை, சுடோ என்று தொடங்கும் வரியை, பொருள் அறியாமல் படியெடுத்து ஒட்டுதல், வழிப்போக்கனிடம் ரிலே ரூம் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். டைம்ஷிப்ட் என்னும் கருவி இயங்குதளத்தைப் பழைய நிலைக்கு மீட்கும். நம் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகக் காப்பதில்லை. அவற்றுக்கு வெளி வட்டுப் படியே துணை.

லினக்ஸில் வைரஸே வாராது என்று சிலர் மார்தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அதை நான் ஒப்பேன். 2024 மார்ச்சு மாதத்தில் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளுள், ஆண்டுக்கணக்கில் நல்லவர்போல் உழைத்த ஒருவரே கள்ளக் கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ப்ராய்ண்ட் என்னும் பொறியியலாளர், தம் பொறியுள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்று, தோண்டித் துருவி அதை வெளிப்படுத்தினார். பெரும்பாலான பொறிகளை அது எட்டுமுன் தடுக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமையால் அவரால் தேட முடிந்தது. அவர் பணிபுரிந்தது மைக்ரோசாப்டில் என்பது ஒரு வேடிக்கை.

குறைகளையும் மறையாமல் சொல்ல வேண்டும். டாலி போன்ற சில கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே ஆனவை. லிப்ரே ஆபீஸ் நம் பழைய வேர்டு கோப்புகளைத் திறக்கும். அட்டவணைகள் சில இடங்களில் இடம்பெயரலாம். சில கைரேகைக் கருவிகள் ஒத்துழையா. உயிர்வாழ் சான்றிதழ் தரும் பெரியோர்கள் இதனால் கலங்க வேண்டியதில்லை. 2021 முதல் கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டியே அதனை அளிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. தமிழ் எழுத விழைவோர்க்கு இதில் குறையொன்றும் இல்லை. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையை இதில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியில் பாடம் படிக்கும் நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பில் அதைப் பழகுவார்களாயின், ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழ் எழுத்திலேயே கடிதம் எழுதும் நாள் தொலைவில் இல்லை.

இன்னொன்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனை எந்த இயங்குதளமும் தடுக்காது. அவனிடம் பணம் போய்விட்டால் கணமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்து, மகன் விடுமுறையில் வரட்டும் என்று காத்திருப்பதால் கள்வனுக்கே ஆதாயம்.

வருகின்ற ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக அறையில் முதற் பொறியில் நிறுவத் தொடங்குகிறோம். தத்தம் வீட்டுப் பொறியைக் கொண்டுவருவோர், கோப்புகளின் படியை முன்னரே எடுத்து, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் சார்ஜரும் கொணர்க. சார்ஜரை மறந்து வந்தால் நடுவில் பாட்டரி தீர்ந்து வேலை பாதியில் நிற்கும்.