மகள் எடுத்த லைசன்ஸ்

(எமது வானொலியின் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவருடைய விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



நான் வைத்தியனும் அல்ல, பேச்சாளனும் அல்ல. 1990 இல் அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, இருபத்தெட்டு வருசம் தொழிற்சாலையில் வேலை செய்தவன். குடியை விட்ட பிறகு உடம்பு எப்படி மாறியது என்று கதைக்க முடியுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். மனைவியிடம் சொன்னேன். "வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கோ. ஒரு வீட்டிலையாவது பிரயோசனப்படும்" என்றார். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

ஊரில் நான் குடித்தவன் இல்லை. இங்கு வந்து, ஒரு பேஸ்மென்ரில் ஏழு பெடியள் ஒன்றாக இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பியரோடு தொடங்கியது. சம்பளம் வந்தால் ஒரு போத்தல். பிறந்தநாள் என்றால் ஒரு போத்தல், சாமத்தியவீடு என்றால் கராஜுக்குள் நாலு போத்தல். இதை யாரும் குடி என்று சொன்னதில்லை. "சந்தோசத்துக்கு எடுக்கிறது" என்றுதான் சொல்வோம்.

பிறகு 2009 வந்தது. மே 10 ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் நின்ற சனத்துக்குள் நானும் நின்றேன். அந்த மாதம் முடிந்தபோது எனக்கு நித்திரை போய்விட்டது. இரவில் இரண்டு கிளாஸ் எடுத்தால் கண் மூடும். விடியப்புறம் இரண்டு மணிக்கு முழிப்பு வரும். பிறகு விடியும் வரைக்கும் ரீவிக்கு முன்னால் இருப்பேன். மது நித்திரையைக் கொண்டுவருவது போலத் தெரியும், ஆனால் இரவின் பின்பாதி நித்திரையை அதுதான் குழப்புகிறது என்பது எனக்குப் பல வருசம் கழித்துத்தான் விளங்கியது. இரண்டு கிளாஸ் மூன்றாகியது. வெள்ளி சனிகளில் கணக்கில்லை. நான் துக்கத்தைக் குற்றம் சொல்ல வரவில்லை. என்னைவிடக் கூட இழந்த எத்தனையோ பேர் ஒரு துளி தொடாமல் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்.

2018 இல் எனக்கு ஐம்பது வயது. உயரம் ஐந்தடி ஏழங்குலம், எடை 101 கிலோ. வண்டி முன்னால் போக நான் பின்னால் போவேன். படி ஏறினால் மூச்சு வாங்கும். சப்பாத்துக் கயிறு கட்டுவதற்குக் கதிரையில் இருந்து காலைத் தூக்க வேண்டும்.

அந்த வருசம் கார்த்திகை மாதம் என் மகள், பதினேழு வயது, தனியாகக் கார் ஓடுகிற லைசன்ஸ் எடுத்தாள். சக மாணவர்களில் முதலில் எடுத்தவள் அவள்தான். எனக்குப் பெருமை. "ஏன் பிள்ளை இவ்வளவு அவசரம்? பல்கலைக்கழகம் போகேக்க எடுத்திருக்கலாமே" என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு இரவில ஓடப் பயம் அப்பா. பார்ட்டி முடிய உங்களைக் கூட்டிக்கொண்டு வர ஒராள் வேணும்தானே."

கோபமாகச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. வீட்டில் உப்பு முடிந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். மார்கழியில் ஒரு கலியாண வீட்டு வாசலில், இரவு பன்னிரண்டரைக்கு, நாளைக்குச் சோதனை இருக்கிற பிள்ளை குளிருக்குள் காரோடு எனக்காக நின்றாள். அன்று பின் சீற்றில் இருந்து அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு வரும்வரை இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அடுத்த வாரம் குடும்ப வைத்தியரிடம் போனேன். "குடிக்கிறனீங்களோ?" என்று அவர் வருசா வருசம் கேட்பார். "சும்மா, விசேசங்களுக்கு மட்டும்" என்று நான் வருசா வருசம் சொல்வேன். அன்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்: வாரத்துக்கு இரண்டு போத்தல். அவர் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். கனடாவில் ஒரு அளவு என்பது 43 மில்லிலீற்றர் விஸ்கி. 750 மில்லிலீற்றர் போத்தலில் பதினேழுக்கு மேல் இருக்கிறது. ஆகவே நான் வாரத்துக்கு ஏறக்குறைய 35. அப்போதைய கனடிய வழிகாட்டலில் ஆண்களுக்கு மேல் எல்லை வாரத்துக்கு 15. 2023 இல் வந்த புதிய வழிகாட்டல் இன்னும் இறுக்கமானது. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் போனால் புற்றுநோய் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, ஏழும் அதற்கு மேலும் என்றால் இருதய நோய், பாரிசவாத ஆபத்தும் நன்றாகக் கூடுகிறது என்கிறது.

இரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனி 8.2. பிரஷர் 158க்கு 96. ஈரலில் கொழுப்பு. இடுப்பு 112 சென்றிமீற்றர். எங்களைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80 சென்றிமீற்றர் தாண்டினாலே கவனம் வேண்டும் என்றார். வெள்ளைக்காரருக்குச் சொல்லும் அளவு எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நேயர்களே, ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிறவர் "நாளையிலிருந்து விட்டேன்" என்று தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். என்னுடைய வைத்தியர் முதல் வாரத்துக்குக் குளிசை தந்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லிப் பார்த்தார். வைற்றமின் பி1 உம் தந்தார். 2019 தைப்பொங்கலன்று நிறுத்தினேன்.

இனி எடைக் கதை. குடியை விட்டால் எடை தானாக இறங்கும் என்று நான் நம்பினேன். முதல் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது! காரணம் இனிப்பு. பின்னேரம் ஏழு மணியானால் உடம்பு எதையோ தேடும். கேக், பிஸ்கற், மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணீர் என்று மாறி மாறிச் சாப்பிட்டேன். வைத்தியர் சிரித்தார். "இது பலருக்கு வாறதுதான். முதலில் குடியை விட்டதைக் காப்பாற்றுங்கோ, எடையைப் பிறகு பார்ப்பம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு கணக்கைப் படித்தேன். ஒரு கிராம் மதுசாரத்தில் ஏழு கலோரி. சீனியிலும் மாவிலும் நான்கு, கொழுப்பில் ஒன்பது. 40 வீத மது ஒரு போத்தலில் ஏறக்குறைய 1650 கலோரி. வாரத்துக்கு இரண்டு போத்தல் என்றால் 3300. அதோடு கலக்கும் கோலா, பைற்ஸ் என்று பொரித்த இறைச்சி, மிக்ஸர், நடுச்சாமத்தில் கொத்துரொட்டி. என் எடையில் ஒருவர் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தால் போவது ஏறக்குறைய 300 முதல் 400 கலோரிதான். போத்தலை மட்டும் கரைக்கவே வாரத்துக்கு எட்டு முதல் பதினொரு மணித்தியாலம் நடக்க வேண்டும். இன்னொன்று, மது உள்ளே போனால் ஈரல் அதை எரிப்பதைத்தான் முதலில் செய்யும். கொழுப்பு எரிவது பின்னுக்குப் போகும்.

பங்குனியில் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் பத்து நிமிடம். முழங்கால் நொந்தது. குளிர் காலத்தில் மோலுக்குள், கடைகள் திறக்க முன்னம், வயது போன சீன அம்மாமார் என்னை முந்திக்கொண்டு போவார்கள். வெட்கமாக இருந்தாலும் விடவில்லை. சித்திரையில் இருபது நிமிடம், ஆடியில் நாற்பது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற உடற்பயிற்சி வேண்டும் என்பதுதான் கனடாவிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் சொல்லும் அளவு. எனக்கு அதைப் பிடிக்க நாலு மாதம் எடுத்தது. முக்கியமாக, பின்னேரம் ஏழு மணிக்கு நடந்தேன். முன்பு கிளாஸ் எடுத்த நேரம் அது. அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்.

சாப்பாட்டில் மனைவி புதிதாக ஒன்றும் செய்யவில்லை. எங்கள் சாப்பாட்டையே திருப்பி அடுக்கினார். கோப்பையில் பாதி மரக்கறியும் முருங்கையிலை வறையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. கிழமையில் மூன்று நாள் குரக்கன் புட்டு, அதுவும் அளவாக. தேத்தண்ணீர் சீனியில்லாத பிளேன்ரீ.

உடம்பைவிடக் கஷ்டம் கூட்டாளிமார்தான். "மச்சான், மனிசிக்குப் பயந்திட்டாயோ?" "ஒண்டே ஒண்டு எடு, ஒண்டும் செய்யாது." அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் விட்டால் தாங்கள் குடிப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆவணியில் ஒரு பிறந்தநாள் விழாவில் அந்த ஒன்றை எடுத்தேன். ஐந்தாகியது. அன்றும் மகள்தான் வந்து கூட்டிப்போனாள். அடுத்த நாள் காலை எழும்ப மனமில்லை, எல்லாம் போச்சு என்று கிடந்தேன். அவள் வந்து கதவடியில் என் சப்பாத்தை வைத்துவிட்டு, "ஏழு மாசம் விட்டனீங்கள் அப்பா. ஒரு நாள்தான் பிழைச்சது. எழும்புங்கோ, நானும் வாறன்" என்றாள். அன்று அவளோடுதான் நடந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை.

2020 பங்குனியில் கொரோனா வந்து மோலும் பூட்டினார்கள், வேலையும் நின்றது. பலர் அந்த நாட்களில்தான் திரும்பக் குடிக்குப் போனார்கள். நான் ஹைலண்ட் கிறீக் ஓடைப் பாதையில் பனியோ மழையோ நடந்தேன். அந்தக் கோடையில் எடை 84 கிலோ. சீனி 6.6. பிரஷர்க் குளிசை இரண்டு ஒன்றாகியது. நீரிழிவுக் குளிசை இன்னும் போடுகிறேன். இடுப்பு 93. தொண்ணூறுக்கு இன்னும் மூன்று சென்றிமீற்றர் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நித்திரை வந்தது. பதினொரு வருசத்துக்குப் பிறகு விடியும்வரை நித்திரை. 2009 ஐ நினைத்து அழுதது கூட அதற்குப் பிறகுதான். அதுவரைக்கும் குடித்தேனே தவிர அழவில்லை.

இரண்டு சிறு வேண்டுகோள். விழா வைக்கிறவர்களே, மேசையில் நல்ல மோரும் பழரசமும் வையுங்கள். வேண்டாம் என்றவரை இரண்டாம் தரம் கேட்காதீர்கள். குடிக்கிற தகப்பன்மாரே, வைத்தியரிடம் உள்ள அளவைச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற இலவசத் தொலைபேசிச் சேவை 24 மணித்தியாலமும் இருக்கிறது. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

என் மகள் இப்போது வேலை செய்கிறாள். போன மாதம் அவளுடைய சிநேகிதியின் கலியாணம். இரவு ஒரு மணிக்கு மண்டப வாசலில் காரோடு நின்றது நான்தான். அவளும் மூன்று சிநேகிதிகளும் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தோம்.