எது முந்தி, எது பிந்தி?

சங்கத்தின் 50-ஆம் ஆண்டு மேடையில் இளைய வியாபாரிகள் சார்பில் பேச வாய்ப்பளித்த பெரியவர்களுக்கு எங்கள் நன்றி.

கடைக் கணக்கில் தேதி இல்லாத சீட்டு எதற்கும் உதவாது. சரக்கு வந்து பணம் கொடுத்தோமா, பணம் கொடுத்துச் சரக்கு வந்ததா என்பதில்தான் தகராறே பிறக்கிறது. நோயிலும் அப்படித்தான் என்பதை நாங்கள் தாமதமாகவே தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயிறு எரிகிறது என்று மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "எப்போது நிறுத்தினார்?" என்று டாக்டர் கேட்டார். "பெருநாளைக்கு முந்தி" என்றார் காக்கா. "இல்லை, பிந்தி" என்றார் உம்மா. நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா நலமாக வீடு திரும்பினார். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை, தேடிப் படித்தோம்.

மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தது. வைத்து ஓராண்டு கடந்த பின்னும் சிலருக்கு அதில் இரத்தம் உறைந்தது. 2006-இல் இது பெரிய கவலையாயிற்று. ஆஸ்பிரினோடு தரப்படும் குளோபிடோக்ரெல் மாத்திரையை இடையில் நிறுத்துவது முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கருதப்பட்டது.

மருத்துவக் கருவிகளால் நேர்ந்த கோளாறுகள் பற்றி அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஏராளமான அறிக்கைகள் வருகின்றன. நடந்ததைக் கதைபோல் எழுதியிருப்பார்கள்: "ஸ்டென்ட் வைத்த எட்டாம் மாதம் மாத்திரையை நிறுத்தினார், இரண்டு வாரம் கழித்து அடைப்பு." அத்தனையையும் மனிதர் படித்து வரிசைப்படுத்துவது எளிதல்ல.

மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இந்த வேலைக்குக் கணினியைப் பழக்கினார்கள். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு நிகழ்வையும் அதன் காலத்தையும் குறித்துக் கொடுத்தால், ஸ்டென்ட் வைத்த தேதியிலிருந்து மற்ற தேதிகளைக் கணினி கணக்கிடும். ஒன்று இரண்டாவதற்கு முந்தி, இரண்டாவது மூன்றாவதற்கு முந்தி என்றால், முதலாவது மூன்றாவதற்கும் முந்தியது. பாலிடெக்னிக்கில் நாங்கள் படித்த அதே தர்க்கம்தான். அடைப்பு 30 நாளுக்குள் வந்ததா, ஓராண்டுக்குள் வந்ததா, அதற்குப் பிறகா என்று பிரித்துப் பார்க்கவும் வழி பிறக்கிறது.

முந்தி நடந்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது. அதை மருத்துவர்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அறிக்கையில் காலக் குறிப்பே இல்லையென்றால் கணினியும் கைவிரித்துவிடும். அந்தக் குறிப்பு பல நேரம் வீட்டாரிடமிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடைக்குப் பேரேடு வைத்திருக்கும் நாம், வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சிறு நோட்டு வைப்போம். கருவி வைத்த நாள், மாத்திரை தொடங்கிய நாள், மாற்றிய நாள், வலி வந்த நாள் ஆகியவற்றை எழுதிவைப்போம். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவேண்டாம். வாப்பாவின் நோட்டை இப்போது உம்மாதான் எழுதுகிறார். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை டாக்டர் கேட்டால் எங்களுக்குள் வாக்குவாதம் வராது.