சமயம் பார்த்து வரும் நோய்கள்

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர் நான்கு மாதமாக இருமிக் கொண்டிருந்தார். கடையில் வாங்கிய மருந்தைக் குடித்தார். உடம்பு இளைத்தது. நாக்கில் வெள்ளை படிந்து சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பிரட்டில் நிற்க முடியாமல் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காசநோய் என்றார்கள். அதற்கு அடியில் எச்.ஐ.வி. இருந்தது.

எச்.ஐ.வி. கிருமி தானே நேராக ஆளைக் கொல்வது அபூர்வம். இரத்தத்தில் நமக்குக் காவல் நிற்கும் சி.டி.4 என்னும் அணுக்களை அது வருஷக்கணக்கில் அழிக்கிறது. அந்த எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால், பலமுள்ளவனை ஒன்றும் செய்ய இயலாத கிருமிகளெல்லாம் உள்ளே புகுந்து விடுகின்றன. இவற்றைச் சந்தர்ப்பவாத நோய்கள் என்கிறார்கள். சந்தர்ப்பவாதி எப்படிப்பட்டவன் என்று தொழிற்சங்கத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை! உளி ஆழமாகப் பாய்ந்து மரத்தில் காயம் பட்டால் மழைக்காலத்தில் பட்டை அழுகுகிறதல்லவா? அப்படித்தான் இதுவும்.

1981ல் அமெரிக்காவில் இந்நோய் முதலில் வெளிப்பட்டதே அபூர்வமான ஒரு நுரையீரல் சுரத்தின் மூலமாகத்தான். நம் நாட்டில் முதல் நோயாளிகள் 1986ல் அறியப்பட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் முன்னால் நிற்பது காசநோய். புறா எச்சத்தில் வாழும் ஒரு பூஞ்சணம் மூளைச் சவ்வைத் தாக்கித் தீராத தலைவலி தரும். பூனைக் கழிவிலிருந்தும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் வருவது மூளையில் கட்டியாகும். தென்கிழக்காசியாவில் காணப்படும் பூஞ்சணம் ஒன்றும் உண்டு. 1956ல் வியட்நாமில் மூங்கில் எலியிடம் கண்டுபிடித்தார்கள். முகத்தில் நடுவே குழி விழுந்த பருக்கள் தோன்றினால் வைத்தியர்கள் அதைச் சந்தேகிக்கிறார்கள்.

இவை அனைத்துக்கும் மருந்து உண்டு. சாதாரணக் காசநோய் ஆறு மாதத்தில் குணமாகும். எச்.ஐ.வி.க்கான மருந்தைத் தினமும் உட்கொண்டால் காவல் அணுக்கள் மறுபடியும் பெருகும். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் முதல்நிலை மருந்து இலவசம். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தொற்று நோய்ச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஒன்று சுங்கை பூலோவில் இருக்கிறது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பெயர் சொல்லாமலே பரிசோதித்துக் கொள்ளலாம். அப்படியிருந்தும் நம்மவர் கடைசி நேரத்தில் தூக்கிக் கொண்டு வரப்படுவது ஏன்?

வெட்கம், தோழர்களே. அந்த வெட்கத்தை வளர்ப்பவர்களில் நாமும் ஒருவர். அந்தத் தோழரின் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிராணி மேஜையில் திறந்தபடி வைத்தது நாமேதான். மண்டோர் படித்தார். சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் பரவிற்று. அவர் மனைவிக்குத் தண்ணீர் தனித் தம்ளரில் வந்தது. தம்ளரிலும் தட்டிலும் எச்.ஐ.வி. தொற்றாது. உடலுறவு, பிறர் குத்திய ஊசி, இரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு: இவைதான் வழி. குழந்தைக்குப் போவதையும் மருந்தால் தடுக்கலாம். அதில் மலேசியா வெற்றி கண்டதென 2018ல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. காசநோய் மட்டும் காற்றில் பரவும். ஆகவே வீட்டார் அனைவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த அம்மாளும் பிள்ளைகளும் போனார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது.

வேலையிடத்தில் எச்.ஐ.வி. பற்றிய அரசாங்க வழிகாட்டி விதிகள் 2001லேயே வெளிவந்தன. நோயாளியின் விஷயம் இரகசியமாக இருக்க வேண்டும், வேற்றுமை காட்டக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. நாம் அவற்றைப் படித்தது இந்தத் தவறுக்குப் பின்னர்தான். இப்பொழுது நம் அலுவலகத்தில் ஆஸ்பத்திரிக் கடிதங்களை ஒட்டிய உறையில் வாங்குகிறோம். கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டங்களிலும் இதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். உறைக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

அத்தோழர் சிகிச்சை முடிந்து தம் பழைய நிரைக்கே திரும்பி விட்டார். இருமல் இல்லை, உடம்பும் தேறியிருக்கிறது. நம்மிடம் பேசுவதுதான் இன்னும் குறைவு.